கடல் இல்லாத நகரில் ஒரு கடற்போரின் நினைவு நாள்

நிலத்தில் நடந்த போருக்குக் களம் என்று ஓர் இடம் எஞ்சுகிறது. அங்கே கல் நடலாம், பெயர் பொறிக்கலாம், ஆண்டுக்கு ஒரு முறை சென்று பூவிட்டு வணங்கலாம். கடற்போருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கப்பல் அமிழ்ந்த சிறிது நேரத்தில் நீர் பழையபடி மூடிக்கொள்கிறது, மாண்டவர்களின் உடல்கள்கூடப் பெரும்பாலும் கரைக்கு வருவதில்லை. இதனால்தான் உலகின் கடற்படைகள் இடத்தின் பொறுப்பை நாளிடம் ஒப்படைத்திருக்கின்றன. 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் முனையருகே பெற்ற வெற்றியையும் அங்கே உயிரிழந்த தளபதி நெல்சனையும் பிரிட்டிஷ் கடற்படை இன்றும் அக்டோபர் 21 அன்று நினைவுகூர்கிறது. 1905ஆம் ஆண்டு சுஷிமா நீரிணையில் ரஷ்யப் படையை வென்ற மே 27ஆம் நாளை ஜப்பான் இரண்டாம் உலகப்போர் முடியும்வரை தன் கடற்படை தினமாகக் கொண்டாடியது. இந்தியக் கடற்படைக்கு அந்த நாள் டிசம்பர் 4. 1971ஆம் ஆண்டு அந்த நாளின் இரவில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தின் வாயிலில் நடத்திய தாக்குதலின் நினைவாக, 1972 முதல் அது கடற்படை தினமாக இருந்து வருகிறது.

மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் இந்த நாள் போர்க்கப்பல்களோடு கொண்டாடப்படுவது இயல்பானது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில், அருகிலுள்ள கடற்கரைக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போகவேண்டிய பெங்களூரிலும் இந்த நாள் நினைவுகூரப்படுவதுதான் சிந்திக்கத்தக்கது. ஒரு கடற்போரை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்னும் கேள்விக்குக் கப்பல்கள் நிறைந்த துறைமுகத்தைவிட இந்த உள்நாட்டு நகரமே தெளிவான விடை தருகிறது.

வீரகல்லும் மலர்வளையமும்

1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் எனப்படும் படைக்குடியிருப்பை அமைத்ததிலிருந்து பெங்களூர் படைவீரர்களின் ஊராகவே வளர்ந்துள்ளது. தமிழர்கள் பெருமளவில் பணியாற்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. இதமான தட்பவெப்பமும், படை மருத்துவமனையும், வேலைவாய்ப்புத் தரும் பொதுத்துறை நிறுவனங்களும் இருப்பதால் முப்படைகளிலும் பணி முடித்தவர்கள் இங்கே குடியேறுவது வழக்கமாயிற்று. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மாலுமிகளும் இவ்வாறே இந்நகரின் குடிகளானார்கள்.

ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்துக்கு அருகில் அமைந்துள்ள தேசிய ராணுவ நினைவிடத்தின் நடுவே 75 அடி உயரத்தில் ஒற்றைக் கருங்கல் ஒன்று நிற்கிறது. கன்னடத்தில் அதை வீரகல்லு என்பார்கள். தமிழில் நடுகல் என்று வழங்குவதும் அதுவே. போரில் பட்ட வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. பெங்களூர் என்னும் ஊர்ப்பெயரே முதன்முதலில் நமக்குக் கிடைப்பது, நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வீரகல்லின் எழுத்துகளில்தான். பெங்களூர்ப் போரில் மாண்ட ஒருவனின் நினைவை அது சொல்கிறது. ஒரு வீரனின் சாவைச் சொல்லும் கல்லிலேயே தன் பெயரின் முதல் சான்றைப் பெற்றிருக்கும் நகரம், நாட்டுக்காக மாண்டவர்களுக்கும் அதே வடிவில் நினைவுச்சின்னம் எழுப்பியிருப்பது பொருத்தமானது. கடலில் பட்டவர்களுக்கும் கல் நடும் வழக்கம் இந்திய மரபில் உண்டு என்பதற்கு, மும்பையின் போரிவலிப் பகுதியில் ஏக்சர் என்னும் ஊரில் நிற்கும் இடைக்கால நடுகற்கள் சான்று. வரிசையாகத் துடுப்புகள் நீண்ட போர்ப்படகுகள் ஒன்றையொன்று தாக்குவதை அவற்றில் இன்றும் காணலாம்.

பெங்களூர் நினைவிடத்தின் வீரகல்லின் அடியில் கடற்படை தினத்தன்று மலர்வளையம் வைக்கப்படுகிறது. சடங்கு சுருக்கமானது. பணியில் இருப்பவர்கள் வெள்ளைச் சீருடையில் வருகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் கோட்டின் இடப்பக்கத்தில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். மாண்டவரின் மனைவியோ மகனோ அவருடைய பதக்கங்களை அணிய நேர்ந்தால் வலப்பக்கத்தில் அணிவதே முறை. உரியவர் இப்போது இல்லை என்பதை அந்த இடமாற்றம் வாய்திறவாமல் சொல்லிவிடுகிறது. 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், இவற்றோடு சங்கிராம் பதக்கம் என்று, நெஞ்சிலுள்ள வண்ண நாடாக்களைப் பார்த்தே ஒரு முதியவர் எந்தக் கடலில் நின்றவர் என்பதை அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மலர்வளையம் வைத்தபின் பியூகிள் குழலில் லாஸ்ட் போஸ்ட் என்னும் இசை எழுகிறது. பகலின் காவல் முடிந்ததை அறிவிக்கப் பாசறைகளில் ஊதப்பட்ட அந்த இசை, வாழ்வின் காவல் முடிந்தவர்களுக்கு விடைகொடுக்கும் இசையாக மாறியது. அதன்பின் மௌனம், மௌனம் கலைய, துயில் எழுப்பும் ரவுஸ் இசை. அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அதில் நிற்கும் முதியவர்களின் மனத்தில் ஓடுவது என்ன என்பதை அறிய, அந்த இரவுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

கராச்சி வாயிலில் ஓர் இரவு

1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் மேற்குப் பகுதி விமானதளங்களைத் தாக்கியதும் போர் மூண்டது. பாகிஸ்தானின் கடல் வாணிகமும் எரிபொருள் வரத்தும் கடற்படைத் தலைமையும் கராச்சி என்ற ஒரே துறைமுகத்தைச் சார்ந்திருந்தன. அதை நேரடியாகத் தாக்கவேண்டும் என்று உறுதிகொண்ட அன்றைய கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா, கராச்சித் துறைமுகத்தின் மனோராத் தீவில் வளர்ந்து, கடற்படையில் சேருமுன் அந்தத் துறைமுகத்திலேயே வேலைபார்த்தவர். தாம் வளர்ந்த கரையையே தாக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட நேர்ந்தது, பிரிவினை இந்தத் துணைக்கண்டத்துக்கு இழைத்தது என்ன என்பதைக் காட்டும் ஒரு துயரச் சான்று.

தாக்குதலுக்குத் தேர்ந்த கருவி, சோவியத் ஒன்றியத்திடமிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஏவுகணைப் படகு. 40 மீட்டர் நீளம்கூட இல்லாத இப்படகு ஒவ்வொன்றும் நான்கு ஸ்டைக்ஸ் ஏவுகணைகளைத் தாங்கியது. ஏவியபின் தன்னிடமுள்ள சிறு ரேடாரால் இலக்கைத் தானே தேடிச்சென்று தாக்கக்கூடிய இந்த ஏவுகணை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலையும் எட்டும். ரேடார் என்பது வானொலி அலைகளை அனுப்பி, அவை பொருள்மீது பட்டுத் திரும்புவதைக் கொண்டு அது இருக்கும் இடத்தை அறியும் கருவி. இருளிலும் பனியிலும் அதுவே கப்பலின் கண். 1967இல் எகிப்தின் படகுகள் இதே ஏவுகணையால் இஸ்ரேலின் எய்லாட் என்னும் போர்க்கப்பலை மூழ்கடித்தபோதுதான் இதன் வலிமையை உலகம் உணர்ந்தது.

ஆனால் இப்படகுகள் தம் கரையைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. எரிபொருள் குறைவு, நெடுந்தொலைவு ஓடா. படகுகளைக் கப்பலிலிருந்து இறக்கும் அளவுக்குப் பெரிய பாரந்தூக்கி பம்பாயில் இல்லாததால் அவை கல்கத்தாவில் இறக்கப்பட்டு, அங்கிருந்து பெரிய கப்பல்களால் கயிறு கட்டி இழுக்கப்பட்டுத் தென்முனையைச் சுற்றிக் கொண்டுவரப்பட்டிருந்தன. அப்படி இழுத்துவர முடிந்தது என்றால், எதிரியின் துறைமுகம் நோக்கியும் இழுத்துச்செல்லலாம் அல்லவா என்ற சிந்தனை அந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது. சோவியத்தின் விளாடிவோஸ்டாக்கில் பல மாதங்கள் பயிற்சி பெற்றிருந்த மாலுமிகள் ரஷ்ய மொழியையும் கற்றிருந்ததால், எதிரி ஒட்டுக்கேட்டாலும் விளங்காதபடி வானொலியில் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள்.

திரிசூலம் என்று பொருள்படும் டிரைடன்ட் என்ற பெயரிட்ட இந்நடவடிக்கையில் நிபாட், நிர்காட், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகளும், துணையாகக் கில்டன், கட்சால் என்னும் இரண்டு பெரிய கப்பல்களும் சென்றன. பிரிவின் தலைவர் கமாண்டர் பி.பி. யாதவ். டிசம்பர் 4 பகல் முழுவதும் எதிரி விமானங்களுக்கு எட்டாத தெற்குக் கடலில் காத்திருந்து, இருட்டியபின் வடக்கே விரைந்தார்கள். இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பாக நிர்காட் ஏவிய ஏவுகணைகள் பி.என்.எஸ். கைபர் என்னும் நாசகாரிக் கப்பலைத் தாக்கின. கடல் மட்டத்துக்கு அருகே ஒளியாகப் பாய்ந்து வந்ததை விமானம் என்றே கைபரில் இருந்தவர்கள் எண்ணினார்கள். விமானம் தாக்கியதாகவும் கொதிகலன் அறை சேதமுற்றதாகவும் அவர்கள் செய்தி அனுப்பினார்கள், அதில் குறித்த இடமும் பிழையாகிப்போனதால் உதவி வந்துசேரத் தாமதமாயிற்று. அக்கப்பலோடு 222 பேர் மாண்டனர். நிபாட்டின் ஏவுகணைகளால் வீனஸ் சேலஞ்சர் என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது, ஷாஜஹான் என்னும் நாசகாரி கடுஞ்சேதமடைந்தது. வீர் ஏவிய ஏவுகணை முஹாபிஸ் என்னும் கண்ணிவாரிக் கப்பலை, அது ஒரு செய்தி அனுப்பவும் இடமின்றி அழித்தது. கடலில் எதிரி மிதக்கவிடும் வெடிகளை அகற்றும் கப்பலே கண்ணிவாரி. அதிலிருந்த 33 பேர் உயிரிழந்தனர். கேமாரி எண்ணெய்க் கிடங்கும் தாக்கப்பட்டது. நான்கு நாள்களுக்குப் பின் டிசம்பர் 8 இரவில் வினாஷ் என்னும் படகு தல்வார், திரிசூல் கப்பல்களின் துணையோடு மீண்டும் சென்று கராச்சியைத் தாக்கியது. இரண்டு நடவடிக்கைகளிலும் இந்தியத் தரப்பில் ஒரு படகுகூட இழக்கப்படவில்லை.

கில்டன் கப்பலின் தலைவராக இருந்து மகாவீர் சக்ரா விருது பெற்றவர் கமாண்டர் கே.பி. கோபால் ராவ். 1926இல் மதுரையில் பிறந்து, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த அவர் 2021 ஆகஸ்டில், போரின் பொன்விழா ஆண்டிலேயே, 94ஆம் வயதில் காலமானார். கராச்சித் தாக்குதலில் தமிழ்நாட்டுக்கு இத்தனை நெருக்கமான ஒருவர் இருந்ததைத் தமிழ்நாட்டின் பள்ளிப்பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேதனையோடு கேட்கவேண்டிய கேள்வி.

வெற்றி நாளுக்குப் பின் வரும் துயர நாள்

டிசம்பர் 4ஐ நினைவுகூரும் மூத்த மாலுமிகள் டிசம்பர் 9ஐயும் மறப்பதில்லை. அன்றிரவு டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்த இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை, பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ எனப்படும் நீரடி ஏவுகுண்டால் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக 194 பேர் உயிரிழந்தனர். தம் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வெளியேறச் சொல்லிக்கொண்டே கப்பலோடு அமிழ்ந்தார் அதன் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒரு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரிதான்.

இந்த இழப்பின் காரணம் தொழில்நுட்பத்தில் இருந்தது. நீருக்கடியில் வானொலி அலைகள் வெகுதூரம் செல்லா. ஆகவே அங்கே ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, பொருள் இருக்கும் இடத்தை அறியும் சோனார் என்னும் கருவியே கப்பலின் காது. குக்ரியின் சோனார் எட்டிய தொலைவைவிட, புதிய பிரெஞ்சு வடிவமைப்பான ஹங்கோர் கேட்ட தொலைவு அதிகம். குக்ரியின் சோனாரைக் கூர்மையாக்கும் சோதனைக் கருவியை உருவாக்கிய லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்னும் இளம் அதிகாரியும், அதைச் சோதித்துக்கொண்டிருந்த நிலையில் அக்கப்பலிலேயே மாண்டார். எதிரி நம்மைக் கேட்டுவிட்டான், நம்மால் அவனைக் கேட்க முடியவில்லை என்ற உண்மை கடற்படையை உலுக்கியது.

பெங்களூரின் இன்னொரு நினைவுச்சின்னம்

கடல் இல்லாத பெங்களூர் இக்கதைக்குள் முழுமையாக வருவது இங்கேதான். பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், போர் முடிந்தபின் பிரிட்டிஷ் சோனார் ஒன்றின் திறனைக் கூட்டும் பணியை மேற்கொண்டார். பின்னர் அவருடைய தலைமையில், கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல் ஆய்வகத்தில் அப்சோ என்னும் முழு இந்தியச் சோனார் உருவாகி 1983இல் கடலுக்குச் சென்றது. அதைக் கருவியாக வடித்துக் கொடுத்தது, 1954 முதல் பெங்களூர் ஜாலஹள்ளியில் இயங்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். பால்ராஜ் பெங்களூரில் செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோவியலுக்குமான பாதுகாப்பு ஆய்வகத்தை நிறுவி, பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பல அலைவாங்கிகளை ஒருசேரப் பயன்படுத்தித் தகவலை விரைவுபடுத்தும் முறையைக் கண்டறிந்தார். இன்று கைப்பேசியிலும் வைஃபையிலும் பயன்படும் அந்த முறைக்காக 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

கண்ணுக்கும் இதே கதைதான். கராச்சி இரவில் வெற்றியைத் தந்த ரேடார்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அன்று துணைபோன கில்டனின் பெயரைத் தாங்கிய புதிய கில்டன் 2017இல் சேவையில் இணைந்தது. ஓய்வுபெற்ற கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டி அந்தப் பெயரை வாழவைப்பது கடற்படையின் மரபு. அந்தப் புதிய கில்டனின் உச்சியில் சுழலும் ரேவதி ரேடாரை வடிவமைத்தது பெங்களூர் சி.வி. ராமன் நகரில் உள்ள ஆய்வகமே. 1971இல் கடற்படைத் தலைமையகத்தில் போர் நடவடிக்கைகளின் இயக்குநராக இருந்து, பின்னர் தலைமைத் தளபதியாக உயர்ந்த அட்மிரல் ஓ.எஸ். டாசன், ஓய்வுக்காலத்தைப் பெங்களூரில் கழித்து 2011இல் இங்கேயே காலமானார். போர்க்காலத்தில் மும்பைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் நெருக்கியதால் பட்ட இடர்ப்பாட்டை உணர்ந்து, கர்நாடகக் கடற்கரையின் கார்வாரில் தனிக் கடற்படைத் தளம் அமையவேண்டும் என்று முன்மொழிந்தவரும் அவரே. அது 2005இல் ஐ.என்.எஸ். கதம்பா என்ற பெயரில் செயலுக்கு வந்தது. 1971இல் போரிட்ட படகுகளின் இளைய வகையான, 1976இல் சேவையில் இணைந்த சாபல் அங்கே கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இத்தனை சிறிய படகிலா அத்தனை தூரம் போனார்கள் என்று அதைப் பார்ப்பவர் வியக்காமல் திரும்பமாட்டார்.

ஆகவே பெங்களூரில் 1971ஆம் ஆண்டுக் கடற்போருக்கு நினைவுச்சின்னங்கள் இரண்டு என்றே கொள்ளவேண்டும். ஒன்று கோளரங்கத்தருகே நிற்கும் கல். மற்றொன்று ஜாலஹள்ளியிலும் சி.வி. ராமன் நகரிலும் ஆய்வக மேசைகளில் இரவும் பகலும் நடந்துவரும் வேலை. இறந்தவர்களை மதிப்பது என்பது மலர்வளையத்தோடு முடிவதன்று, அவர்கள் எதனால் இறந்தார்களோ அந்தக் குறையை அகற்றும்போதே அது நிறைவடைகிறது என்ற பாடத்தை இந்நகரம் சொல்லாமல் சொல்கிறது.

இரு கரையின் நினைவுகள்

நினைவு நாள் கொண்டாட்டத்தில் ஒரு தரப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிவது எளிது. பாகிஸ்தான் கடற்படை குக்ரியை மூழ்கடித்த டிசம்பர் 9ஐ ஹங்கோர் தினமாக ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. இங்கே வெற்றி நாளாக இருப்பது அங்கே துயர நாள். அங்கே பெருமை நாளாக இருப்பது இங்கே கண்ணீர் நாள். கைபரில் 222, குக்ரியில் 194 என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஐந்து நாள் இடைவெளியில் ஒரே கடல் இரு நாட்டு இல்லங்களிலும் ஒரேவிதமான வெறுமையை விட்டுச்சென்றது புலப்படும். கடலில் விழுந்தவனைக் காப்பது எல்லா நாட்டு மாலுமிக்கும் பொதுவான அறம். அந்த அறத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் வெற்றியை நினைவுகூரும்போது எதிரிக் கப்பலில் மாண்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வது அந்த வெற்றியைச் சிறுமைப்படுத்தாது, அதற்குக் கண்ணியம் சேர்க்கும்.

இன்னொரு குறையும் உண்டு. வரலாற்று நூல்கள் கப்பல் தலைவர்களின் பெயர்களைப் பதிவுசெய்கின்றன. எஞ்சின் அறையின் வெப்பத்தில் டீசல் புகையைச் சுவாசித்தபடி நின்றவர்கள், ரேடார் திரையில் தோன்றிய புள்ளியைக் கப்பல் என்று முதலில் சொன்னவர்கள், இழுவைக் கயிற்றை நள்ளிரவில் கட்டி அவிழ்த்தவர்கள் ஆகியோரின் சொற்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. அன்று இருபது வயதாக இருந்த ஒரு மாலுமிக்கு இன்று எழுபத்தைந்தை ஒட்டிய வயது. ஒவ்வோர் ஆண்டும் வீரகல்லின்முன் நிற்கும் பதக்கம் அணிந்தோர் வரிசை குறுகிக்கொண்டே வருகிறது, அவர்களோடு நேர்ச்சாட்சியமும் போய்விடுகிறது.

கல்வெட்டு எழுதிய காலத்தில் ஒரு வீரனின் கதையைக் காக்கக் கல்லும் உளியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கைப்பேசி போதும். பெங்களூரிலோ சென்னையிலோ மதுரையிலோ உங்கள் தெருவில், உங்கள் உறவில் 1971இல் கடற்படையில் இருந்த ஒரு முதியவர் இருக்கலாம். வரும் டிசம்பர் 4 அன்று அவரைச் சென்று பாருங்கள். எந்தக் கப்பலில், எந்த வேலையில், யாரோடு இருந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய குரலிலேயே பதிவுசெய்து, எழுதி, உள்ளூர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு படி வையுங்கள். கடலில் கல் நட முடியாது. அந்தக் கல்லை நாம் மொழியில்தான் நடவேண்டும்.